அவள் ஏன் சாக வேண்டும்?

கௌபாய் படங்களில் முதலில் எல்லாம் வெள்ளை முகங்கள், காலம் மாற மாறத்தான் மற்றவர்களுக்கும் இடம் கிடைத்தது என்று ஒரு நம்பிக்கை உண்டு. ஹாலிவுட் தன்னைப் பற்றித் தானே பரப்பிய கதை அது. மௌனப் படக் காலத்துக்குப் போய்ப் பார்த்தால், நடந்தது தலைகீழ்.

1910இல் பதே நிறுவனத்துக்காக ‘வொயிட் ஃபான்ஸ் டிவோஷன்’ படத்தை எடுத்தவர் ஜேம்ஸ் யங் டியர். தன்னை வின்னபேகோ பழங்குடியினர் என்று சொல்லிக்கொண்டவர். அவர் வேறொரு கலப்புச் சமூகத்தைச் சேர்ந்தவர் என்கிறார்கள் பின்னாளைய ஆய்வாளர்கள். எப்படியானாலும் வெள்ளைக்காரர் அல்ல. அந்தப் படத்தில், டகோட்டாவில் குடியேறிய வெள்ளைக்காரன் ஒருவனுக்குச் சொத்து வந்திருப்பதாகக் கடிதம் வருகிறது. போனால் திரும்பமாட்டான் என்று பயந்து அவனுடைய செவ்விந்திய மனைவி கத்தியால் குத்திக்கொள்கிறாள். அப்பாதான் கொன்றுவிட்டார் என்று நினைத்து ஊரைக் கூட்டுகிறாள் மகள். துரத்துகிறார்கள், பிடிக்கிறார்கள், மரண தண்டனை விதிக்கிறார்கள். கடைசி நேரத்தில் மனைவி உயிரோடு வந்து நிற்கிறாள். சொத்தை உதறிவிட்டு அவர்களோடேயே தங்கிவிடுகிறான் அவன்.

நான்கே ஆண்டுகள் கழித்து, 1914இல், செசில் பி. டிமில் ஆஸ்கர் ஆப்ஃபெலுடன் சேர்ந்து ‘தி ஸ்குவா மேன்’ எடுத்தார். ஹாலிவுட்டில் ஒரு களஞ்சியக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து எடுத்த படம். இதிலும் வெள்ளைக்காரக் கணவன், செவ்விந்திய மனைவி, ஒரு குழந்தை, சீமையில் சொத்து. ஆனால் இந்த மனைவி தன்னைச் சுட்டுக்கொண்டு செத்தே போகிறாள். குழந்தைக்கு இங்கிலாந்தில் பிரபு வாழ்க்கை காத்திருக்கிறது; நடுவில் அவள் எதற்கு என்று திரைக்கதை முடிவு கட்டிவிட்டது.

அந்த வேடத்தில் நடித்தவர் ரெட் விங். இயற்பெயர் லில்லியன் செயின்ட் சைர். நெப்ராஸ்காவில் பிறந்த வின்னபேகோ பெண், யங் டியரின் மனைவி. ஆக, கதை கை நழுவினாலும் முகமாவது அவர்களுடையதாக இருந்தது. அதுவும் நிலைக்கவில்லை. 1918இல் டிமில் அதே கதையை மறுபடி எடுத்தபோது அந்த வேடம் ஆன் லிட்டில் என்ற வெள்ளைக்கார நடிகைக்குப் போனது. 1931இல் பேசும்படமாக எடுத்தபோது மெக்சிகோவின் லூப்பே வேலஸ். ஒரே இயக்குநர், ஒரே பாத்திரம். பேச வாய் வந்த நேரத்தில் வாய்ப்பு வேறொருவருக்கு!

கறுப்பின கௌபாய்களின் கதை வேறு தடம். உண்மையில் மாடு மேய்த்தவர்களில் அவர்கள் ஏராளம். காளையின் உதட்டைப் பல்லால் கடித்து வீழ்த்திய ரோடியோ வீரர் பில் பிக்கெட்டை வைத்து, ஓக்லஹோமாவின் போலி என்ற கறுப்பர் ஊரில் 1920களின் தொடக்கத்தில் படங்கள் எடுத்தார் ரிச்சர்ட் நார்மன். அவை பெரும்பாலும் கறுப்பர்களுக்கான கொட்டகைகளில்தான் ஓடின. அவற்றில் ஒன்றான ‘தி புல்-டாகர்’ படத்தில் இன்று சில துண்டுகளே மிச்சம்.

தொழில் சிறியதாக இருந்தவரை யாரும் கேமரா பிடிக்கலாம் என்று விட்டிருந்தார்கள். பெரும்பணம் புழங்க ஆரம்பித்ததும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். எனக்கு வேறு காரணம் தோன்றவில்லை.

யங் டியரின் படத்தை 2008இல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தார்கள். காப்புரிமை முடிந்துவிட்டதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. கால் மணி நேரம்கூட ஆகாது. அதை முதலில் பாருங்கள், டிமில் படத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.