பெயரில்லாத சீமாட்டி

லஸ் முனையில் பழைய புத்தகக் குவியலைக் கிளறும்போதெல்லாம் என் நினைவுக்கு வருபவர், 1836 முதல் 1839 வரை சென்னை ராஜதானியில் நீதிபதியின் மனைவியாக வாழ்ந்து, கண்டதையும் கேட்டதையும் நாட்குறிப்பின் பாங்கில் தாய்நாட்டுக்குக் கடிதங்களாக எழுதிய ஜூலியா மெயிட்லண்ட் அம்மையார். 1843இல் அவை நூலானபோது முகப்பில் பெயரில்லை; ‘ஒரு சீமாட்டி’ என்றே அச்சாயிற்று. நாட்குறிப்பால் கீர்த்தி பெற்ற ஆங்கில எழுத்தாளர் பான்னி பர்னியின் குடும்பத்துப் பெண்ணுக்கே இந்தக் கதி! இத்தேசத்து ஜனங்களைப் பற்றி ஒன்றும் அறியாதிருப்பதையே பாக்கியமாகக் கொண்டாடிய வெள்ளைக்கார மாது ஒருத்தியை அவர் கூசாமல் சித்திரித்திருக்கிறார். ராஜமகேந்திரபுரத்தில் கணவருடன் பள்ளிக்கூடமும் நடத்தினார். ஆயினும், வேடிக்கை பார்ப்பவரின் ஏளனம் அவர் எழுத்திலும் இல்லாமலில்லை. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் போற்றும் அன்பர்கள் இந்தக் கடித நூலையும் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும்.