ஆடுகளத்தின் வாயில் யாருக்குத் திறக்கிறது?

கோல்ஃபில் பதினெட்டுக் குழிகளையும் முடிக்க ஏறத்தாழ நான்கு மணிநேரம் ஆகும். அதில் பந்தை அடிப்பது சில நிமிடங்களே. எஞ்சியதெல்லாம் நடையும் பேச்சும். குறிப்பெடுப்பவர் எவருமில்லாத அந்தப் பேச்சைத்தான் வணிகர்களும் ஆட்சியாளர்களும் நாடுகின்றனர்.

1957இல் ஜப்பானியப் பிரதமர் கிஷி நொபுசுகே அமெரிக்கா சென்றபோது, அதிபர் ஐசனோவர் அவருடன் பர்னிங் ட்ரீ மன்றத்தில் கோல்ஃப் ஆடினார். போர் முடிந்து அப்போது பன்னிரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. கிஷியின் பேரன் ஷின்சோ அபே 2016இல் டிரம்பைச் சந்தித்தபோது கோல்ஃப் மட்டை ஒன்றைப் பரிசளித்தார்; அடுத்த ஆண்டு இருவரும் சேர்ந்து ஆடினர்.

இதன் பயனை மறுப்பதற்கில்லை. எதிரெதிரே அமர்ந்திருக்கையில் மௌனம் சங்கடம். அருகருகே நடக்கையில் அது இயல்பு. பகைமையின் இறுக்கம் அங்கே தளரக்கூடும்.

ஆயினும் பர்னிங் ட்ரீ பெண்களை உறுப்பினராகச் சேர்ப்பதில்லை. புகழ்பெற்ற அகஸ்டா நேஷனல் மன்றம் முதன்முதலாகப் பெண்களைச் சேர்த்ததே 2012இல்தான். நம் நாட்டிலோ, 2017இல் டெல்லி கோல்ஃப் கிளப்புக்கு விருந்தினராகச் சென்ற மேகாலயத்தின் காசி பழங்குடிப் பெண்ணொருவர், தம் மரபுடையான ஜைன்செம் அணிந்திருந்த நிலையில் உணவுக்கூடத்தைவிட்டு வெளியேறுமாறு பணிக்கப்பட்டார்.

தொழிலில் உயரக் கோல்ஃப் பழகுங்கள் என்று மேலாண்மை மாணவர்க்கு அறிவுரை கூறுவோர் இதையும் சேர்த்தே கூற வேண்டும். மட்டை பிடிக்க எவரும் கற்கலாம். உள்ளே வர அனைவருக்கும் இசைவில்லை. புல்வெளியில் நட்பு வளரட்டும். ஆனால் பலரின் வாழ்வைத் தொடும் முடிவுகள், அவர்களும் நுழையக்கூடிய அறையில், பதிவேட்டின் முன்னிலையில் எடுக்கப்பட வேண்டும்.