பதிவேட்டில் இல்லாத தகுதி

செவிலி என்பது தமிழில் இன்று நேற்றுப் பிறந்த சொல்லன்று. தொல்காப்பியம் வகுத்த அகத்திணை மாந்தருள் செவிலியும் ஒருத்தி. தலைவி வாய்திறந்து கூறாத நோயையும், அவள் மேனி வாடுதல் கண்டு உணர்ந்துகொள்ளும் வளர்ப்புத்தாய் அவள். நோயுற்றோரைப் பேணும் மகளிர்க்கு அப்பெயரையே தேர்ந்து வழங்கிய தமிழுலகம், பெயரளவிலேயே நின்றுவிட்டது. செவிலியர் கல்லூரி என்று வாயிற்பலகையில் தமிழ் இருக்கிறது. வாயிலைக் கடந்து உள்ளே சென்றால் பாடநூல் ஆங்கிலம், வினாத்தாள் ஆங்கிலம், நோயாளரின் படுக்கையருகே தொங்கும் குறிப்பேடும் ஆங்கிலம்!

தமிழ்நாட்டில் ஒருவர் பதிவுபெற்ற செவிலியாவதற்கு வகுக்கப்பட்டுள்ள வழி செம்மையானதே. பன்னிரண்டாம் வகுப்பை முடித்தபின் மூன்றாண்டுப் பட்டயமோ நான்காண்டுப் பட்டமோ பயிலவேண்டும். உடற்கூறு, உடலியங்கியல், நுண்ணுயிரியல், குழந்தைநலம், மனநலம், மகப்பேறு ஆகியவற்றைக் கற்று, மருத்துவமனைக் கூடங்களில் இரவும் பகலும் பயிற்சிபெற்று, தேர்வில் வெல்லவேண்டும். அதன்பின் சென்னையிலுள்ள மாநிலச் செவிலியர் குழுமத்தின் பதிவேட்டில் பெயர் ஏறவேண்டும். 1926ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டத்தின்வழித் தோன்றியது அப்பதிவேடு. நாடு முழுமைக்குமான பயிற்சி நெறிகளை வகுக்க 1947இல் நடுவணரசு ஒரு சட்டம் செய்தது. அதற்கு மாற்றாக 2023இல் மற்றொன்றை இயற்றியது. பயிற்சியில்லாத கை நோயாளரைத் தீண்டலாகாது என்பதே இவ்வேற்பாடுகள் அனைத்தின் நோக்கம். அந்நோக்கத்தைக் குறைகூறுவார் எவருமிலர்.

ஆயின், இத்தனை தகுதிகளையும் ஆராயும் அப்பதிவேடு ஒன்றைமட்டும் ஆராய்வதில்லை. நோயாளர் பேசும் மொழியில் அவர் நோயைக் கேட்டறியவும், மருந்துண்ணும் முறையை அவர்க்கு விளங்கச் சொல்லவும் அச்செவிலிக்கு இயலுமா என்பதே அது!

இக்குறையின் பயனைத் திருச்சிராப்பள்ளியிற் காணலாம். புத்தூரிலுள்ள அரசு மருத்துவமனைக்குக் காவிரிப் பாலத்தைக் கடந்து திருவரங்கத்து முதியோர் வருகின்றனர்; இலால்குடி, முசிறி, துறையூர்ப் பக்கத்து உழவர் வருகின்றனர். அவர்கள் கொண்டுவரும் மொழி எத்துணை நுண்மையுடையது! நெஞ்சு கரிக்கிறது என்பார் ஒருவர். நெஞ்சை அழுத்துகிறது என்பார் மற்றொருவர். முன்னது செரியாமையாக இருக்கலாம். பின்னது நெஞ்சாங்குலைக்கு நேரும் இடரின் முன்னறிவிப்பாக இருக்கலாம். வயிற்றைப் பிசைகிறது, சுருக்கென்று குத்துகிறது, விண்விண்ணென்று தெறிக்கிறது, கால் மரத்துப்போகிறது, தலை கிறுகிறுக்கிறது என்று ஒவ்வொரு துன்பத்திற்கும் ஒவ்வொரு சொல் அவர்களிடம் உண்டு. அவ்வளவும் குறிப்பேட்டில் ஏறும்போது 'பெயின்' என்னும் ஒற்றைச் சொல்லாகச் சுருங்குமாயின், அங்கே இழக்கப்படுவது மொழியழகு மட்டுமன்று. நோயை அறியும் வழியே அடைபடுகிறது.

அம்மருத்துவமனையைச் சார்ந்த மருத்துவக் கல்லூரிக்கு இடப்பட்டுள்ள பெயர் யாருடையது? முத்தமிழ்க் காவலர் கி.ஆ.பெ. விசுவநாதம் அவர்களுடையது. 1899இல் திருச்சிராப்பள்ளியிற் பிறந்து, 1938ஆம் ஆண்டு இந்தி எதிர்ப்புப் போரில் முன்னின்று, 1994இல் மறையும்வரை தமிழுக்கே உழைத்த பெருமகனார் அவர். அவர் பெயரைத் தாங்கிய கல்லூரியிலும் பயிற்றுமொழி ஆங்கிலமே. பெயரிட்டுப் போற்றுவதோடு கடமை முடிந்ததென்று எண்ணுவது தமிழர்க்கு வழக்கமாகிவிட்டது.

இழப்பு நோயாளர்க்கு மட்டுமா? பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழிற் பயின்று, அறிவியலைத் தெளிவாக உணர்ந்து வரும் சிற்றூர்ப் பெண் முதலாண்டிலேயே திகைத்து நிற்கிறாள். குருதி எவ்வாறு ஓடுகிறது என்பது அவளுக்குத் தெரியும். அதை ஆங்கிலத்தில் எழுதத் தெரியாமையால் அறிவிலி எனப்படுகிறாள். பொருள் விளங்காமல் மனப்பாடம் செய்து தேறுகிறவளுக்கும் கேடு. அவள் கையால் ஊசி ஏற்றுக்கொள்வார்க்கும் கேடு.

வெளிநாட்டு வேலைக்கு ஆங்கிலம் வேண்டாவா என்று சிலர் வினவுவர். அவ்வெளிநாடுகளையே சான்றாகக் கொள்ளலாம். செருமனி நாட்டில் செவிலியாகப் பணிபுரிய விரும்பும் தமிழ்ப்பெண் செருமானிய மொழித்தேர்வில் தேறியாக வேண்டும். எத்துணைப் பட்டம் பெற்றிருந்தாலும் மொழி அறியாதவர்க்கு அந்நாடு தொழில் இசைவு வழங்குவதில்லை. இங்கிலாந்தும் ஆங்கிலத் தேர்ச்சியை மெய்ப்பிக்குமாறு கேட்கிறது. தம் நோயாளரின் மொழியை அவர்கள் பதிவுக்குரிய தகுதியாக மதிக்கின்றனர். தமிழ்நாட்டு நோயாளரின் மொழிக்கு மட்டும் அம்மதிப்பு ஏன் இல்லை? ஆங்கிலத்தை ஒரு மொழியாக நன்கு கற்பிப்பதை எவரும் தடுக்கவில்லை. அதையே அறிவின் ஒரே வாயிலாக்குவதுதான் தவறு.

தமிழில் மருத்துவம் கற்பிக்க இயலுமா என்று ஐயுறுவார்க்கு வரலாறு விடை கூறுகிறது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் பயிற்றினார். முப்பத்துமூவரைத் தமிழ்வழி மருத்துவராக்கினார். மகப்பேற்று மருத்துவ நூல் 1857இலேயே அவரால் தமிழில் வெளிவந்தது. அந்நூல்களில் வடசொற் கலப்பு மிகுதியே. எனினும் அயல்நாட்டார் ஒருவர்க்கு இயன்றது தமிழர்க்கு இயலாதா? அதற்கும் முன்னே, பதினோராம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழனின் திருமுக்கூடற் கல்வெட்டு, பதினைந்து படுக்கைகள் கொண்ட மருத்துவச் சாலையையும், அங்கே நோயாளரைப் பேணிய மகளிரையும் தமிழிற் குறிக்கிறது. திருவரங்கம் கோயிலிலும் மருத்துவச் சாலை இருந்தமைக்கு 1493ஆம் ஆண்டுக் கல்வெட்டு சான்று.

2021ஆம் ஆண்டின் இறுதியில் தமிழக அரசு தன் பணித்தேர்வுகளில் தமிழ்த்தாளைக் கட்டாயமாக்கியது, அது வரவேற்கத்தக்கதே. ஆயினும் அது அரசுப் பணிக்குரியது, பதிவேட்டுக்குரியதன்று. தனியார் மருத்துவமனைகளை அது கட்டுப்படுத்தாது.

ஆதலின் செய்யத்தக்கன சிலவே. தேர்வைத் தமிழிலும் எழுதும் உரிமை வேண்டும். பாடநூல்கள் தமிழில் எழுதப்பெறவேண்டும். மருந்துகளின் பெயர்கள் உலக வழக்கிலேயே இருக்கலாம். பதிவுக்கு முன், நோயாளர் ஒருவரின் துன்பத்தைத் தமிழிற் கேட்டு எழுதவும், வீடு திரும்புவார்க்கு மருந்துமுறையைத் தமிழில் விளக்கவும் செயல்முறைத் தேர்வு வைக்கவேண்டும். இவற்றிற்கு நடுவணரசின் நெறிகள் குறுக்கே நிற்குமாயின், அவற்றைத் திருத்துமாறு போராடுவது மாநில அரசின் கடமை.

நோயால் நலிந்து கிடப்பவனுக்கு அயன்மொழி கற்க நேரமில்லை. அவன் மொழியை அவனைப் பேணுவோர் கற்கட்டும்!