ஊனத்துக்கு ஒரு சதவீதம், பிழைப்புக்கு ஒரு சதவீதம்

2008-ல் கர்நாடகத்தில் நடந்த விபத்தொன்றில் ஒரு காய்கறி வியாபாரி வலது காலை இழந்தார். இழப்பீட்டு வழக்கில் அவர்முன் இரண்டு கேள்விகள் நின்றன. சம்பாதித்ததற்குச் சீட்டு எங்கே? ஒரு கால் போனாலும் உட்கார்ந்தபடியே காய்கறி விற்கலாமே? 2014-ல் உச்ச நீதிமன்றம் இரண்டையும் ஒதுக்கியது. காய்கறி விற்பவரிடம் வருமானச் சான்று எதிர்பார்ப்பது நியாயமில்லை என்று கூறி, மாத வருமானத்தை 6,500 ரூபாயாகவும் சம்பாதிக்கும் திறனில் இழப்பை 85 சதவீதமாகவும் வைத்துக் கணக்கிட்டது. கொள்முதலுக்கும் விற்பனைக்கும் அலைந்தே ஆக வேண்டிய தொழில் அது என்பதைத் தெரிந்துகொள்ள ஒருநாள் காலையில் சந்தைக்குப் போனாலே போதும். வழக்கில் அது ஏற்கப்பட ஆறு ஆண்டுகள் ஆயின.

இழப்பீடு கட்டாத அரசுப் பேருந்து ஜப்தி என்ற செய்தி நமக்குப் பழகிப்போன ஒன்று. அந்தத் தொகையை எப்படிக் கணக்கிட்டார்கள் என்பதுதான் செய்தியில் வருவதில்லை. காயம்பட்டவர்கள் ஏமாறுவதும் அந்தக் கணக்கில்தான்.

மருத்துவக் குழு தரும் ஊனச் சான்றிதழில் உள்ள சதவீதமே தன் இழப்பின் அளவு என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. இடது கையை இழந்தவரின் ஊனம் 60 சதவீதம் அளவில் இருக்கலாம். அவர் தச்சராகவோ டிரைவராகவோ இருந்தால் வருமான இழப்பு ஏறக்குறைய 100 சதவீதம். அரசு அலுவலக எழுத்தர் என்றால் வேலையே போகாமலும் இருக்கலாம். உடல் ஊனத்தின் அளவை மருத்துவர் சொல்வார். அது பிழைப்பை எந்த அளவுக்குப் பாதித்தது என்று முடிவு செய்வது மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தின் வேலை.

பணத்தில் இந்த வித்தியாசம் சின்னதல்ல. மாதம் 15,000 ரூபாய் சம்பாதிக்கும் 30 வயது பெயின்டர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். சரளா வர்மா வழக்கின் 2009 தீர்ப்புப்படி அந்த வயதுக்கு ஆண்டு வருமானத்தை 17-ஆல் பெருக்க வேண்டும். சான்றிதழில் உள்ள 40 சதவீதத்தை அப்படியே எடுத்தால் 12,24,000 ரூபாய். இனி சாரத்தில் ஏறவே முடியாது, கைவசம் வேறு தொழிலும் இல்லை என்று நிரூபித்தால் 30,60,000 ரூபாய். சிகிச்சைச் செலவு, வலி வேதனைக்கான தொகை எல்லாம் இதற்கு மேல். ஆகவே, எம்.சி.ஓ.பி. எனப்படும் மோட்டார் விபத்து இழப்பீட்டு மனுவைப் போடும்போது எக்ஸ்ரே, பில்களோடு வேலையின் தன்மையையும் விரிவாக எழுத வேண்டும். மேஸ்திரியையோ உடன் வேலை செய்தவரையோ சாட்சியாக அழைக்கலாம். "கூலி வேலை" என்ற இரண்டு சொல்லோடு மனுவை முடிப்பது காயம்பட்டவர் தன் பங்கைத் தானே குறைத்துக்கொள்வதுதான்.

இந்த நிலையில் மனு போடக் காலக்கெடு வேறு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் இருந்த கெடுவை 1994-ல் நாடாளுமன்றமே நீக்கியது. 2019 திருத்தம் அதை மீண்டும் கொண்டுவந்தது; 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்றானது. தொடை எலும்பில் பிளேட் வைத்துப் படுத்திருப்பவருக்கு, மறுபடி நடக்க முடியுமா என்பதே ஆறு மாதத்தில் தெளிவாவதில்லை. குடும்பமோ கடனுக்கு அலைந்துகொண்டிருக்கும். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு அப்படி எந்த அவசரமும் இல்லை.

காலம் கடந்ததென்று மனுக்களைத் தள்ளுபடி செய்யக் கூடாது என 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. அது நிம்மதிதான், ஆனால் இடைக்கால உத்தரவு சட்டத்தில் உள்ள வரியை அழித்துவிடாது. ஆறு மாதக் கெடுவைச் சொல்லும் 166-ஆவது பிரிவின் மூன்றாம் உட்பிரிவை நாடாளுமன்றமே நீக்க வேண்டும். அதுவரை, விபத்து எந்த மாவட்டத்தில் நடந்திருந்தாலும் தாங்கள் குடியிருக்கும் ஊருக்கான தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம் என்ற சலுகையைக் காயம்பட்டவர்கள் தள்ளிப்போடாமல் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.