மலைக்குப் போறீங்களா? பாக்கெட்ல என்ன லைட்டர் இருக்கு?

ஆயுத பூஜை லீவோடு நாலு நாள் சேர்த்து இமயமலை ட்ரெக்கிங் கிளம்பும் நண்பர்களே, உங்களுக்காக ஒரு த்ரெட்.

"டாக்டர், இது போதுமா?"ன்னு லிஸ்ட் அனுப்புறீங்க. மாத்திரையெல்லாம் சரியா இருக்கு. தீ மூட்ட என்ன வெச்சிருக்கீங்கன்னு கேட்டா, "லைட்டர் இருக்கு சார்." என்ன லைட்டர்?

நான் பட்டதைச் சொல்றேன். உத்தரகாண்ட்ல ஒரு அக்டோபர். நாங்க மூணு பேர். மதியம் மழை பிடிச்சு சாயங்காலம் பனியா மாறிடுச்சு. கூட வந்த தம்பிக்கு நடுக்கம். அப்புறம் பேச்சு குழறுது, கால் தடுமாறுது. ஹைப்போதெர்மியா, அதாவது உடல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போற நிலை. ஸ்டவ் இருக்கு, கேஸ் இருக்கு. என் பாக்கெட்ல டெல்லியில நல்ல விலைக்கு வாங்கின மெட்டல் லைட்டர். பொறி வருது, தீ வரலை. பஞ்சுல ஊத்தின எரிதிரவம் ஒரு வாரத்துல ஆவியாகிப் போச்சு!

ஆட்டுமந்தையோட கீழே இறங்கிட்டிருந்த ஒரு பெரியவர் கோட்டுக்குள்ள கையை விட்டு, பிளாஸ்டிக் கவர்ல சுத்தின தீப்பெட்டியை எடுத்தார். ஒரே குச்சி.

அதனால என் கருத்து: மறுபடி நிரப்பக்கூடிய பியூட்டேன் லைட்டர் வாங்குங்க. கேஸ் அளவு வெளியே தெரியணும். பட்டன் அமுக்கினா பத்துறதை விட, கல்லை உரசுற சக்கரம் வெச்சது மேல். கிளம்புறதுக்கு முன்னாடி நிரப்பிப் பத்தவெச்சுப் பாருங்க. பியூட்டேன் ஆவியாகும் வெப்பநிலை மைனஸ் 0.5 டிகிரி. அதுக்குக் கீழே குளிர் போனா எவ்வளவு நிரப்பியிருந்தாலும் மக்கர் பண்ணும். பையில போடாம உள்சட்டைப் பாக்கெட்ல, உடம்புச் சூட்டுல வையுங்க. கூடவே கவர்ல ஒரு தீப்பெட்டி, வேற பாக்கெட்ல.

இப்போ டாக்டரா பேசுறேன். அந்தத் தீ வெந்நீர் வைக்கத்தான். முதல்ல காத்து படாத இடம், அப்புறம் ஈரத்துணியைக் கழட்டி உலர்ந்த துணி, ஸ்லீப்பிங் பேக். முழு நினைவோட விழுங்க முடிஞ்சா மட்டும் சர்க்கரை நிறையப் போட்ட சூடான பானம். பிராந்தி வேண்டவே வேண்டாம். அது தோல் ரத்தக்குழாய்களை விரிச்சு, இருக்கிற சூட்டையும் வெளியே விட்டுடும். மரத்துப்போன விரலைத் தீயில காட்டாதீங்க, வெந்தாலும் தெரியாது. நடுக்கம் நின்னு ஆள் மந்தமானா சரியாயிட்டார்னு நினைக்காதீங்க, நிலைமை மோசமாகுதுன்னு அர்த்தம்.

குளிருதேன்னு மூடின டென்ட்டுக்குள்ள ஸ்டவ் எரிக்காதீங்க. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. தூக்கத்துலயே உயிர் போயிடும்.

நம்ம ஊர் காடுகளுக்கு நான் இதைச் சொல்லலை. 2018 மார்ச்ல குரங்கணி காட்டுத்தீயில மாட்டினவங்களை நினைச்சுப் பாருங்க. கோடையில காஞ்ச புல்மேட்டுல லைட்டரை வெளியவே எடுக்காதீங்க. அங்க உலர்ந்த மாத்துத்துணியும் மழைக்கோட்டும் போதும்.

விமானத்துல லைட்டர் கொண்டுபோக முடியாது, செக்-இன் பையிலும்தான். அங்கே போய் வாங்கி, வரும்போது யாருக்காவது கொடுத்துட்டு வாங்க. நான் என் மெட்டல் லைட்டரை அந்தப் பெரியவர்கிட்ட நீட்டினேன். சிரிச்சுக்கிட்டே வேண்டாம்னுட்டார்.