பிறப்புச் சான்றிதழில் இந்தியத் தமிழர், விண்ணப்பத்தில் வெளிநாட்டவர்

திருச்சியில் ஒரு ஐ.ஐ.எம். இருக்கிறது. 2011இல் தொடங்கியது. இப்போது புதுக்கோட்டை வீதியில், சூரியூர் பக்கம் சொந்த வளாகம். எங்கள் பூட்டன், பூட்டிமார் பலர் கிளம்பி வந்த ஊர்களிலிருந்து பஸ் ஏறிப் போய்விடக்கூடிய தூரம்தான். அங்கே எம்.பீ.ஏ. படிக்க ஹட்டனிலிருந்து ஒரு பிள்ளை விண்ணப்பித்தால் அவள் வெளிநாட்டு விண்ணப்பதாரி. அதே பிள்ளையின் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். தகப்பனின் இனம் என்ற இடத்தில் 'இந்தியத் தமிழர்' என்று இருக்கும். 1948இல் பிரஜாவுரிமையைப் பறிகொடுத்து, 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேர் அந்தப் பக்கம், 300,000 பேர் இந்தப் பக்கம் என்று மூட்டை பிரிக்கிற மாதிரிப் பிரிக்கப்பட்டு, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரைக்கும் நாடற்றவர்களை வைத்திருந்த சமூகம் நாங்கள். ஒரு படிவம் எங்களை என்ன என்று கூப்பிடுகிறது என்பதற்காக அழப்போவதில்லை. அந்தப் படிவத்தில் நாங்கள் எங்களை என்னவென்று எழுதுகிறோம் என்பதுதான் இப்போது எங்கள் மத்தியில் நடக்கிற சண்டை.

எம்.பீ.ஏ. என்றதும் கலைப்பீடத்தில் சிரிப்பார்கள். "அது துரைமார் படிக்கிற படிப்பு தானே" என்பது ஒரு சிரிப்பு. "படிச்சிட்டு வந்து கம்பனிக்காரனுக்குக் கணக்குப் பார்க்கப் போறீங்களா தோழர்?" என்பது இன்னொன்று. இரண்டாவது சிரிப்பை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்குப் போனதிலிருந்து எங்கள் அம்மாமாரின் ஒரு நாளை முடிவு செய்கிறவர்கள் பேசுவது அந்தப் படிப்பின் மொழியைத்தான். ஒரு பேருக்கு எத்தனை கிலோ, எந்த மலையைக் கைவிடலாம், எந்த டிவிசனைக் கொந்தரப்புக்கு விடலாம், இதெல்லாம் ஏதோ ஓர் அறையில் ஒரு ஸ்லைட்டில் ஓடி முடிந்த பிறகுதான் பிரட்டுக் களத்துக்கு வருகிறது. அந்த அறையில் எங்கள் ஆள் ஒருத்தர் உட்கார்ந்தால் எல்லாம் மாறிவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. கூட்டு ஒப்பந்த மேசையில் இத்தனை வருடமாக எங்கள் ஆட்கள் உட்காரவில்லையா என்ன? ஆனால் உற்பத்திச் செலவு என்று அவர்கள் ஒரு கணக்கை நீட்டும்போது அதைத் திருப்பிப் படிக்கத் தெரிந்தவர்கள் எங்களிடம் போதாது. இது உண்மை.

சரி, செலவைப் பார்ப்போம். முதல் வாசல் ஜீமெட் பரீட்சை. இந்தியாவில் இருப்பவர்கள் ஐ.ஐ.எம். போக எழுதும் 'கெட்' பரீட்சை இந்திய நகரங்களில் மட்டும்தான் நடக்கும். வெளிநாட்டு விண்ணப்பதாரிகளிடம் ஐ.ஐ.எம்.கள் பல அதற்குப் பதிலாக ஜீமெட்டை ஏற்கின்றன. 2 மணித்தியாலம் 15 நிமிடம், 64 கேள்விகள், உச்சப் புள்ளி 805. புள்ளி 5 வருடத்துக்குச் செல்லும். கட்டணம் 275 டொலரிலிருந்து தொடங்குகிறது. டொலரை 300 ரூபா என்று வைத்தாலும் 82,500 ரூபா. 2024 செப்டம்பரில் வந்த 1350 ரூபா சம்பளத்தில் இது 61 முழுப் பேர். அரைப் பேர் விழுந்த நாட்களைக் கழித்துக்கொண்டு நீங்களே கணக்குப் பாருங்கள். 2026 வரவுசெலவுத் திட்டத்தில் சொன்ன 1750ஐப் போட்டாலும் 47 பேர் வரும். ஒரே ஒரு பரீட்சைக்கு, அதுவும் ஒரு தடவை எழுத. ஹாவர்ட் மாதிரி இடத்துக்கு விண்ணப்பக் கட்டணம் தனியாக 250 டொலர். தமிழ் மொழி மூலம் பட்டம் எடுப்பவர்களுக்கு ஐ.ஈ.எல்.டி.எஸ். அல்லது டோஃபலும் சேரும். ஆங்கில மொழி மூலம் படித்தவர்களுக்குப் பல இடங்களில் அது தேவைப்படாது. ஆகக் காசு இல்லாதவர்களிடம்தான் ஒரு பரீட்சைக் காசு கூடுதலாகக் கேட்கப்படுகிறது.

கட்டண விலக்கு என்று ஒன்று இருக்கிறது என்பதை எங்களில் பலருக்கு யாரும் சொல்வதில்லை. ஹாவர்டில் இறுதியாண்டு மாணவர்கள் விண்ணப்பிக்கக்கூடிய 'டூ பிளஸ் டூ' என்றொரு வழி உண்டு. இப்போதே இடத்தை வாங்கி வைத்துக்கொண்டு, சில வருடம் வேலை செய்துவிட்டுப் போய்ப் படிக்கலாம். கட்டணம் 100 டொலர், வசதி இல்லாதவர்கள் அதிலும் விலக்குக் கேட்கலாம். குடும்பத்தில் முதலாவதாகப் பல்கலைக்கழகம் போனவர்களைத் தேடுகிறோம் என்று அவர்களே சொல்கிறார்கள். லயத்தில் முதலாவதாகப் போனவர்களே எங்களில் எத்தனை பேர்! கலைப்பீடம் என்பதால் கதவைச் சாத்துவதும் இல்லை. கிடைக்குமா என்றால், ஆயிரத்தில் ஒன்று மாதிரித்தான். ஆனால் கிடைக்காது என்று தெரிவதும், இருப்பதே தெரியாமல் போவதும் ஒன்றா?

பிறகு படிவம். முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு பெட்டி. எங்களுக்கு அப்பா பெயர் முன்னால், எங்கள் பெயர் பின்னால். கடைசியில் நேர்முகத் தேர்வில் எதிரே இருப்பவர் எங்களை அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார், அப்பா இதைக் கேட்டால் சிரிப்பார். நிரந்தர முகவரி என்ற பெட்டி அவ்வளவு சிரிப்பு இல்லை. வீட்டு இலக்கம், வீதிப் பெயர் கேட்கிறது. லயத்துக்கு வீதிப் பெயர் ஏது? தோட்டத்தின் பெயர், டிவிசன், பக்கத்து டவுனின் பெயர், முடிந்தது. முந்நூறு குடும்பத்துக்கும் அதே முகவரி. கடிதம் தோட்ட ஆபீசுக்கு வந்து, அங்கிருந்து யார் கையிலோ மாறி வரும், வராமலும் போகும். கெம்பஸ் கடிதம் இப்படிப் பிந்தி வந்த கதை எந்தத் தோட்டத்திலும் ஒன்றாவது கிடைக்கும். இப்போது எல்லாம் மின்னஞ்சல் என்பதால் தப்பினோம்.

இதையெல்லாம் தாண்டி வந்தபிறகுதான் உண்மையான வில்லங்கம். கட்டுரை. போட்டி கூடிய எம்.பீ.ஏ. எல்லாம் கட்டுரை கேட்கும். ஹாவர்ட் 2024இலிருந்து மூன்று சின்னக் கட்டுரைகள் கேட்கிறது, ஒன்று வியாபார நோக்கு பற்றி, ஒன்று தலைமைத்துவம் பற்றி, ஒன்று நீங்கள் எப்படி வளர்ந்தீர்கள் என்பது பற்றி. ஸ்டன்போர்ட் நீண்ட காலமாக, உங்களுக்கு எது மிக முக்கியம், ஏன் என்று கேட்டுவருகிறது.

எங்களுக்குத் தெரிந்த ஓர் அக்கா, பொகவந்தலாவப் பக்கம், கொழும்பில் தேயிலை சம்பந்தப்பட்ட ஒரு வேலையில் இருக்கிறார். போன வருடம் விண்ணப்பம் தயாரித்தார். முதல் வரைவை எங்களிடமும் காட்டினார். முதல் வரியிலேயே அம்மாவின் காலில் அட்டைக் கடி. இரண்டாவது வரியில் ஒழுகும் கூரை. மூன்றாவதில் மண்ணெண்ணெய் விளக்கு. "உங்க வீட்டுல கரண்ட் இருந்திச்சே அக்கா" என்று கேட்டோம். விண்ணப்பங்களைத் திருத்திக் கொடுத்துக் காசு வாங்கும் ஒருவர் சொன்னாராம், லயத்தை இன்னும் கொஞ்சம் கூட்டிப் போடுங்க, அங்கே இருக்கிறவங்களுக்கு அதுதான் பிடிக்கும் என்று.

நாங்கள் கோபப்பட்டது பொய் என்பதற்காக மட்டும் இல்லை. அட்டை உண்மைதான், கூரையும் உண்மைதான். ஆனால் அந்த மூன்று வரியிலும் அம்மா ஒரு படம். தேயிலைப் பெட்டியில் கூடையோடு சிரிக்கிற அந்தப் பெண் இருக்கிறாளே, அவளையே திருப்பி வைத்து இந்த முறை அழ வைத்திருக்கிறோம். நூறு வருடமாக அந்தப் படத்தை மற்றவன் விற்றான், இனி நாங்களே விற்பதா? அந்தப் படத்தில் அம்மாவுக்கு எதுவும் தெரியாது. உண்மையில் அவருக்குத் தெரியாத ஒன்று அந்தத் தோட்டத்தில் இல்லை.

பேசப் பேசத்தான் ஒன்று வெளியே வந்தது. அக்கா ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது அம்மாவுக்கு ஒரு கொப்பி எழுதிக் கொடுத்திருக்கிறார். கொழுந்து நிறுக்கும்போது தண்ணீருக்கு, சாக்குக்கு என்று கிலோ கழிப்பார்கள். ஒவ்வொரு நாளும் நிறுத்தது எவ்வளவு, கழித்தது எவ்வளவு, செக்ரோலில் விழுந்தது எவ்வளவு என்று மூன்று நிரல். முதலில் அம்மாவுக்கு மட்டும், பிறகு அதே மலையில் எடுக்கும் எட்டுப் பெண்களுக்கு. மாதக் கடைசியில் அந்தக் கொப்பியை எடுத்துக்கொண்டு எட்டுப் பேரும் கணக்கப்பிள்ளையிடம் போய் நின்றிருக்கிறார்கள். "அதெல்லாம் ஒரு விசயமா? சும்மா கொப்பி தானே" என்கிறார் அக்கா.

கழிவின் வீதம், எட்டுப் பேரின் தரவு, ஒரு பேச்சுவார்த்தை. நூற்றுக்கணக்கான பக்கம் காசு கொடுத்து அச்சடித்து வகுப்பில் படிக்கிற கேஸ் ஸ்டடி இதுதானே? 'தலைமைத்துவம்' என்ற பெட்டிக்கு விவாதக் கழகத் தலைவர், கிரிக்கெட் கெப்டன் என்று எழுத எங்களிடம் ஒன்றும் இல்லை என்று பலர் விண்ணப்பிப்பதையே விட்டுவிடுகிறார்கள். அந்தப் பெட்டியில் போட வேண்டியது எங்கள் வீட்டுக்குள்ளேயே கிடக்கிறது. 2021இல் இரசாயனப் பசளையை ஓர் இரவில் நிறுத்தியபோது கொழுந்து என்ன ஆனது, அம்மாமார் எத்தனை கிலோவோடு இறங்கி வந்தார்கள், எந்த வாரத்தில் அரைப் பேர் கூடியது, இதை உள்ளிருந்து பார்த்தவர்கள் நாங்கள். அடுத்த வருடம் நாட்டின் தேயிலை உற்பத்தி சுமார் 251 மில்லியன் கிலோவுக்கு இறங்கியதைப் பொருளாதார வல்லுநர்கள் பிறகுதான் சொன்னார்கள், லயத்தில் எல்லோருக்கும் முன்னமே தெரியும். 1883இலிருந்து கொழும்பில் நடக்கும் தேயிலை ஏலத்தில் ஒரு கிலோ என்ன விலைக்குப் போகிறது என்பதையும், அதில் எடுத்தவருக்கு எவ்வளவு வந்தது என்பதையும் ஒரே வீட்டில் வைத்துப் பேசக்கூடிய ஆட்கள் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்?

கஷ்டத்தை மறைக்கச் சொல்கிறீர்களா என்று எங்கள் குழுவிலேயே ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. மறைக்க வேண்டாம். 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நடந்தார்களே, இருநூறு வருடக் கதையைச் சொல்லித்தான் நடந்தார்கள். ஆனால் அவர்கள் கேட்டது காணி, வீடு, சம்பளம், சம உரிமை. கேட்க ஒன்று இருக்கும்போது கஷ்டம் சாட்சியாக நிற்கும். பரிதாபத்துக்காக மட்டும் சொன்னால் இடம் தருகிறவர் தன்னைத்தான் பெரிய மனிதராக உணர்வார், அவ்வளவுதான். கட்டுரையில் அட்டை வரட்டும். அந்த அட்டையோடு நின்று அம்மா என்ன கணக்குப் போட்டார் என்பதும் வரட்டும்.

பரிந்துரைக் கடிதம் இன்னொரு தலைவலி. நேரடி மேலதிகாரி எழுத வேண்டும் என்பார்கள். எங்களில் பலருக்கு மேலதிகாரி என்பவர் லீவு கேட்டாலே முகத்தைச் சுளிக்கிறவர். இதற்கு எங்களிடம் நல்ல பதில் இல்லை. கல்வி நிலையத்தில் படிப்பிப்பவர்கள், தொண்டு நிறுவனத்தில் பகுதிநேரம் செய்பவர்கள் இப்போதிருந்தே, உங்கள் வேலையைக் கண்ணால் பார்த்த ஒருவரைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பேராசிரியர் என்ற பட்டத்தைவிட உங்களைத் தெரிந்தவர் என்பதுதான் உதவும்.

திருச்சிக்கே திரும்புவோம். வெளிநாடு என்றதும் பொஸ்டன், லண்டன் என்றுதான் எல்லோருக்கும் வாய் வருகிறது. இந்தியா செலவு குறைவு. இந்திய அரசின் மௌலானா அசாத் புலமைப்பரிசில் முதுமாணிப் படிப்புகளுக்கு இருக்கிறது, எந்தப் பாடநெறி அதற்குள் வரும் என்பதை அந்தந்த வருட அறிவித்தலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஐ.ஐ.எம்.களின் இரண்டு வருடப் பாடநெறிக்கு வேலை அனுபவம் கட்டாயம் இல்லை. அகமதாபாத்தின் ஒரு வருடப் பாடநெறிக்குத்தான் குறைந்தது 4 வருடம் கேட்கிறார்கள். நேர்முகத்தில் "ஏன் திருச்சி?" என்று கேட்டால் பூட்டன் கதையோடு நிறுத்தவேண்டாம். பூட்டனின் ஊர்க்காரர்கள் இன்று நீலகிரியிலும் வால்பாறையிலும் இதே கொழுந்தைத்தான் எடுக்கிறார்கள், தாயகம் திரும்பிய எங்கள் சொந்தங்களும் அங்கே டான்டீயில் இருக்கிறார்கள். இரண்டு பக்கத்துக் கூலியையும் கிலோவையும் ஒப்பிட்டுப் படிக்க வந்திருக்கிறேன் என்று சொல்லலாமே.

அக்கா கட்டுரையைக் கொப்பியிலிருந்து தொடங்கித் திருப்பி எழுதி அனுப்பிவிட்டார். பதில் இன்னும் வரவில்லை. டூ பிளஸ் டூவின் கடைசித் திகதி வழக்கமாக ஏப்ரலில் வரும். இந்த வருடம் இறுதியாண்டில் இருப்பவர்கள் வரைவை எங்களுக்கு அனுப்புங்க. ஆங்கிலம் பார்த்துத் தாறோம், காசு வேண்டாம்.