பொட்டலத்துக்குப் பெயர் இல்லை

மும்பை கோவண்டி ஸ்டேஷனில் இறங்கி தேவ்நார் பக்கம் நடந்தால் சந்துக்கு ஒரு தவாகானா. காய்ச்சல், சளி என்று போய் உட்கார்ந்தால் டாக்டரே நாலைந்து மாத்திரையைப் பிரித்துக் காகிதத்தில் மடித்துக் கொடுத்துவிடுவார். காலையில் வெள்ளை, ராத்திரி மஞ்சள். ஃபீஸும் மருந்தும் சேர்த்து ஒரே தொகை. பெயர் அச்சடித்த அட்டை அவர் மேஜையிலேயே தங்கிவிடும், சீட்டும் கிடையாது. நாள்கூலிக்காரர்களுக்கு இது பெரிய வசதி. குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஆனால் மாத்திரை போட்ட அன்றைக்கே உடம்பு தடித்து உதடு வீங்கினால், எது செய்த வேலை என்று சொல்ல ஆள் இல்லை.

சீத்தா கேம்பில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர், தென்காசிப் பக்கம். போகிற ஆஸ்பத்திரியில் எல்லாம் “எனக்கு ஆண்டிபயாடிக் ஆவாது” என்று முதலிலேயே சொல்லிவிடுவார். எந்த ஆண்டிபயாடிக் என்று கேட்டேன்.

“செவப்பும் மஞ்சளுமா ஒரு கேப்சூல், அண்ணாச்சி.”

“சாப்பிட்டு என்ன ஆச்சு?”

“மூணு நாளு வயித்தால போச்சுல்லா!”

அது அலர்ஜி இல்லை, பக்கவிளைவு. ஆண்டிபயாடிக் சாப்பிடும் பலருக்கும் வயிறு கலங்கும். ஆனால் அக்காவின் கேஸ் பேப்பரில் ‘அலர்ஜி’ என்று சிவப்பு மையில் ஏறிவிட்டது. இனி எந்த டாக்டர் அதை அடிப்பார்? வெளிநாட்டு ஆய்வுகளில், பெனிசிலின் ஆகாது என்று சொல்லிக்கொண்டு வருபவர்களை முறையாகச் சோதித்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அந்த மருந்தைத் தாங்கிக்கொள்கிறார்கள். உண்மையாகவே அலர்ஜி இருந்தவர்களிலும் பெரும்பாலோருக்குப் பத்து வருடத்தில் அது போய்விடுகிறது. அந்தச் சிவப்பு மை மட்டும் ஆயுசுக்கும் நிற்கிறது. அதனால் சாதாரண மருந்தில் தீர வேண்டிய நோய்க்கு விலை கூடிய, வீரியம் கூடிய மருந்து எழுதுகிறார்கள்.

மருந்து அலர்ஜிக்கென்று கிளினிக் நடத்தும் இடங்களில் முதல் வேலை ஊசி இல்லை, விசாரணை. என்ன மருந்து, போட்டு எவ்வளவு நேரத்தில் வந்தது, எத்தனை வருடம் ஆயிற்று, சிகிச்சை தேவைப்பட்டதா? ஆஸ்திரேலிய மருத்துவர்கள் 2020-இல் பெனிசிலினுக்கு இப்படிச் சில கேள்விகளையே மதிப்பெண் முறையாக்கி, ஆபத்துக் குறைந்தவர்களைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். இந்த விசாரணைக்குப் பிறகுதான் தோலில் குத்திப் பார்ப்பது, பிறகு டாக்டர் கண்ணெதிரே வாய்வழி கொஞ்சமாகக் கொடுத்துப் பார்ப்பது. வாயும் கண்ணும் வெந்து, தோல் உரிந்த ஸ்டீவன்ஸ்-ஜான்சன் ஆசாமிக்கு மட்டும் அந்த மருந்தைத் திரும்பக் கொடுத்துப் பார்க்கவே கூடாது.

நம் ஊர் ‘டெஸ்ட் டோஸ்’ இந்த வகையைச் சேர்ந்தது அல்ல. அலர்ஜி இருந்ததே இல்லாதவருக்கும் கையில் சின்னக் கொப்புளமாக ஏற்றி, பதினைந்து நிமிடம் பார்த்து, ‘டெஸ்ட் போட்டாச்சு’ என்று எழுதிவிடுவது நோயாளியைக் காப்பதைவிட எழுதியவருக்கு நிம்மதி தருகிறது என்பது என் அபிப்பிராயம். பெனிசிலின் பயத்துக்கும் அளவு உண்டு. வாதக் காய்ச்சலால் இதயம் கெடாமல் இருக்க மாதாமாதம் பெனிசிலின் ஊசி போட்டுக்கொண்டவர்களைப் பல நாடுகளில் கவனித்து 1991-இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். 32,430 ஊசிகளில் அனாஃபிலாக்ஸிஸ் என்ற உயிராபத்து வந்தது நான்கு முறை. ஒருவர் இறந்தார்.

அந்த நான்கு முறைக்கும் தேவை அட்ரினலின், பெரியவருக்கு அரை மில்லிகிராம், தொடைத் தசையில், உடனே. ஆம்பூல் விலை ஒன்றும் பெரிதில்லை. பல இடங்களில் முதலில் ஏறுவது ஏவில் என்ற அரிப்பு ஊசியும் டெக்ஸா என்ற ஸ்டீராய்டும்தான். அரிப்பு அடங்கும், விழுந்த ரத்த அழுத்தம் அதில் எழாது.

கோவண்டி அடங்கிய எம்-கிழக்கு வார்டில் பெயர் தெரியாத மாத்திரையின் தொல்லை முழுசாக வெளிப்படுவது டிபி மருந்தில். மும்பையில் டிபி அதிகம் உள்ள இடங்களில் தேவ்நாரும் கோவண்டியும் உண்டு. 2017 முதல் நாடெங்கும் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைட், எத்தாம்பியூட்டால் நான்கையும் ஒரே மாத்திரையில் அடைத்து தினமும் கொடுக்கிறார்கள். 35 முதல் 49 கிலோ இருப்பவருக்கு மூன்று மாத்திரை. ஒன்றை விட்டு ஒன்றைச் சாப்பிடும் பேச்சே இல்லை, நல்ல ஏற்பாடு. ஆனால் மூன்றாம் வாரம் உடம்பெல்லாம் தடித்து, காய்ச்சலும் சேர்ந்தால் நால்வரில் யார் மேல் கேஸ் போடுவது?

வெறும் அரிப்பென்றால் செட்ரிசின் கொடுத்து மாத்திரையைத் தொடர்வதுண்டு. (ரிஃபாம்பிசினால் மூத்திரம் ஆரஞ்சாகப் போவதைப் பார்த்துப் பயந்து நிறுத்துகிறவர்களும் உண்டு. அது அலர்ஜியே இல்லை.) தடிப்பு பரவினாலோ, முகம் வீங்கினாலோ, ஈரல் கெட்டாலோ நான்கையும் நிறுத்துவார்கள். தோல் அடங்கிய பிறகு தனித்தனி மாத்திரைகளாக வரவழைத்து, பழி குறைந்ததிலிருந்து ஆரம்பித்து, இரண்டு மூன்று நாளுக்கு ஒன்றாகச் சேர்ப்பார்கள். தடிப்பு திரும்பினால் கடைசியாகச் சேர்த்ததுதான் ஆள். அது ரிஃபாம்பிசினாக இருந்துவிட்டால் ஆறு மாத வைத்தியம் வெகுவாக நீளும். அதனால் மருந்தை விடாமல், மிகச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றி உடம்பைப் பழக்கும் வழியும் இருக்கிறது. அந்தப் பழக்கம் மருந்து தொடரும்வரைதான். இடையில் விட்டால் மறுபடி முதலிலிருந்து. வீட்டில் செய்து பார்க்கிற காரியமில்லை இது.

மருந்து போட்ட மறுநாளே வந்தால்தான் அலர்ஜி என்றும் இல்லை. 2023 நவம்பர் இறுதியில் காஜியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம், மாதவிடாய் வலிக்குப் பெண்கள் சர்வசாதாரணமாக வாங்கும் மெஃபெனமிக் அமிலம் பற்றி எச்சரித்தது. அதனால் வரும் டிரெஸ் என்னும் எதிர்விளைவு இரண்டு முதல் எட்டு வாரம் கழித்துக்கூட வரும்: காய்ச்சல், தடிப்பு, நெறிக்கட்டு, ஈரல் பாதிப்பு. அத்தனை நாள் கழித்து, பொட்டலத்தில் வாங்கிய மாத்திரையை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்?

இத்தகைய விளைவுகளை நோயாளியே அந்த ஆணையத்துக்குத் தெரிவிக்கலாம். 1800-180-3024 இலவச எண். படிவம் தமிழிலும் உண்டு. தவாகானாவில் மாத்திரையின் பெயரைக் கேட்டால் சிலர் முறைப்பார்கள், சிலர் சொல்லிவிடுவார்கள். அட்டையையே போட்டோ எடுத்துக்கொள்கிறேன் என்று போனை நீட்டுவது இன்னும் சுலபம்.

அந்த அக்காவுக்கு ஒரு சின்ன அட்டை எழுதிக் கொடுக்க உட்கார்ந்தேன். மருந்தின் பெயர், என்ன நடந்தது, எந்த வருடம் என்று மூன்று வரி. முதல் வரிக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை, அந்த தவாகானாக்காரர் இடம் மாறிவிட்டாராம். இரண்டாவது வரியில் ‘வயிற்றுப்போக்கு, தடிப்பு இல்லை’ என்று தமிழில்தான் எழுதச் சொன்னார். சயான் ஆஸ்பத்திரி கேஷுவால்டியில் அதைப் படிக்க ஆளுக்கு எங்கே போவது என்று, ஆங்கிலத்திலும் மராட்டியிலும் எழுதிக் கொடுத்தேன்.